தம்பிக்கு வந்த ஜெர்மன், எனக்கு வந்த ஜெர்மன்

நானும் தம்பியும் ஒரே நாளில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தோம். வாரத்துக்கு மூன்று நாள், மாலையில் ஒன்றரை மணி நேரம், இணையவழியில். ஒரே ஆசிரியர், ஒரே பாடப்புத்தகம். எனக்கு 38 வயது, அவனுக்கு 35. இருவருக்கும் தாய்மொழி தமிழ், அடுத்த மொழி ஆங்கிலம். ஒரே அம்மாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். இத்தனை பொதுவாக இருக்கும்போது ஜெர்மனும் இருவருக்கும் ஒரே மாதிரி வரும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரமே அந்த நினைப்பு போய்விட்டது. ஜெர்மனில் நீளமான கூட்டுச் சொற்கள் அதிகம் என்பதைக் காட்ட ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னார்: கெஷ்விண்டிஷ்கைட்ஸ்பெக்ரென்ட்ஸுங். வேக வரம்பு என்று பொருள். தம்பி ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொன்னான். பொருள் அவனுக்குத் தெரியாது, எழுத்துகள் தெரியாது, ஆனால் ஓசை முழுசாக வாயில் வந்துவிட்டது. எனக்கு முதல் இரண்டு அசை மட்டும் நின்றது. மூன்றாவதைப் பிடிக்கப் போனபோது முதல் அசையும் கைவிட்டுப் போனது. அதே சொல்லை ஆசிரியர் திரையில் எழுதியதும் எனக்கு எல்லாம் விளங்கியது. இங்கே ஒரு சொல் முடிகிறது, நடுவில் ஒட்டுவதற்கு ஓர் 'ஸ்', அப்புறம் அடுத்த சொல். பள்ளியில் புணர்ச்சி பிரித்த மாதிரி பிரித்துவிட்டேன். தம்பிக்கோ எழுத்தில் அது ஒரு நீண்ட ரயில் மாதிரிதான் தெரிந்ததாம்.

நான் செய்வது மெய்ப்பு பார்க்கும் வேலை. நாள் முழுக்கத் தமிழ்ப் பக்கங்களில் ஒற்றுப் பிழை தேடுவேன். தம்பிக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் வேலை. ஒரு நாளில் நாற்பது குரலாவது கேட்பான். வேலைதான் எங்களை இப்படி ஆக்கியதா, இப்படி இருந்ததால்தான் இந்த வேலைகளுக்குப் போனோமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஐந்தாவது மாதத்தில் ஆசிரியர் என்னிடம் தனியாகப் பேசினார். "உங்களுக்கு மொழி அவ்வளவாக ஓடாது. உங்கள் தம்பிக்கு அது இயல்பாகவே இருக்கிறது. நீங்கள் இந்த நிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மொழியை வைத்துப் பிழைக்கிறவளிடம் உனக்கு மொழி வராது என்றால் எப்படி இருக்கும்? அந்த ஒரு வாக்கியத்தால்தான் மொழித்திறன் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டவர் ஜான் கேரல் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரும் ஸ்டான்லி சாப்போனும் சேர்ந்து 1959இல் வேற்றுமொழி கற்கும் திறனை அளக்க ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கேரல் அந்தத் திறனை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை, நான்காகப் பிரித்தார். புதிய ஓசையைப் பிடித்து மனதில் நிறுத்துவது ஒன்று. வாக்கியத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று உணர்வது இன்னொன்று. சொல்லையும் பொருளையும் சேர்த்து மனப்பாடம் செய்வது மூன்றாவது. எடுத்துக்காட்டுகளைப் பார்த்து விதியை ஊகிப்பது நான்காவது. ஒருவருக்கு நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதைப் படித்ததும் ஆசிரியர் சொன்னது எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவர் பார்த்தது முதலாவதை மட்டும்.

அந்த முதலாவது எவ்வளவு தனித்த விஷயம் என்பதற்கு 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆலன் பேட்லி, கோஸ்டான்சா பாபாஞ்ஞோ, ஜூசெப்பே வல்லார் மூவரும் செய்தது. மூளை பாதிப்பால் காதில் விழும் ஓசையைச் சில நொடிகள்கூட மனதில் நிறுத்த முடியாமல் போன இத்தாலியப் பெண் ஒருவரைச் சோதித்தார்கள். தெரிந்த இத்தாலியச் சொற்களை இரண்டிரண்டாக இணைத்து மனப்பாடம் செய்யச் சொன்னபோது மற்றவர்களைப் போலவே செய்தார். ஆனால் தெரியாத ரஷ்யச் சொற்களைக் காதால் கேட்டுக் கற்கச் சொன்னபோது எதுவும் நிற்கவில்லை. நினைவாற்றல் நன்றாகத்தான் இருந்தது. புதிய ஓசை உள்ளே இறங்கும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கும் சிறிய இடம் ஒன்றுதான் பழுதாகியிருந்தது. அந்த இடம் எல்லோருக்கும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கேட்டறியாத சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதுதான் அதை அளக்கும் எளிய வழி. மூன்றாவது வாரத்தில் எங்கள் இருவரையும் ஆசிரியர் அறியாமலே சோதித்திருக்கிறார்.

அடுத்து நான் படித்தது நம் மொழியோடு நேரடியாகத் தொடர்புடையது. நாக்கு நுனி பல்லில் படும் ஓசைக்கும், நாக்கு மடிந்து மேலண்ணத்தில் படும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பிறவியிலிருந்தே பழகியது. பத்து வேறு, பட்டு வேறு. இதைக் குழப்பும் தமிழரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். இந்தியிலும் இந்த வேறுபாடு உண்டு என்பதால் ஆய்வாளர்கள் இந்தி ஓசைகளை எடுத்துக்கொண்டார்கள். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியது இது: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கிறார்கள், பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. பின்னாளில் நார்லி கொலெஸ்தானி என்ற ஆய்வாளர் பெரியவர்களுக்கு இதே ஓசைகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். சிலர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள், சிலருக்குப் பயிற்சி முடிந்தும் பிரியவில்லை. வேகமாகக் கற்றவர்களின் மூளை அமைப்பிலும் வேறுபாடு தெரிந்தது.

வேலையா பிறவியா என்ற என் பழைய கேள்விக்கு அவருடைய 2011ஆம் ஆண்டு ஆய்வில்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஓசைகளைக் கேட்டு நுணுக்கமாக எழுத்தில் பதிவு செய்யும் ஒலியியல் வல்லுநர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். ஒரு பகுதியின் அளவு பயிற்சி பெற்ற காலத்தோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் பழக்கம் அதை வளர்த்திருக்கலாம். ஆனால் கேட்டலுக்கான பகுதியில் தெரிந்த ஒரு மடிப்பு வேறுபாடு அப்படி இல்லை. அந்த மடிப்புகள் கருவிலேயே உருவாகிவிடுபவை. அந்த அமைப்போடு பிறந்தவர்கள் அந்தத் தொழிலை நாடி வந்திருக்கலாம். எங்கள் விஷயத்திலும் இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

காதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். எனக்கு இயல்பாக வந்த விஷயங்களையும் சொல்ல வேண்டும். ஜெர்மனில் 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் ம்யூட பின்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்'. தமிழ் வாக்கியத்தின் வரிசையே அதுதான், வினை வந்து முடித்துவைக்கும். இந்தப் பாடம் வந்த அன்று எனக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தம்பியோ மூன்று மாதம் வரைக்கும் வினையை நடுவிலேயே வைத்துக்கொண்டிருந்தான், ஆங்கிலத்தில் இருப்பதைப் போல. அவன் ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனுக்குப் போகிறான், நான் தமிழின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இரண்டு மொழியும் தெரிந்த இருவர் மூன்றாவது மொழிக்குள் வெவ்வேறு வாசல் வழியாக நுழைகிறோம். இதை எந்த ஆசிரியரும் கேட்டறிந்ததில்லை.

சொற்களிலும் இது தெரிகிறது. ஜெர்மனில் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கான சொல் 'நீ'. மணியைச் சொல்லும் சொல் ஏறக்குறைய 'ஊர்'. யாராவது 'நீ' என்று தொடங்கும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிவிடுவேன். தம்பியிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கறதே நீ சொல்லித்தான் தெரியுது அக்கா" என்றான். ஒரு மொழியைக் கேட்கும்போது மற்ற மொழி உறங்கப் போவதில்லை என்பதை விவோரிகா மேரியனும் மைக்கேல் ஸ்பிவியும் 1999இல் கண்ணசைவை வைத்துக் காட்டினார்கள். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ஆங்கிலத்தில் 'மார்க்கர்' பேனாவை எடுக்கச் சொன்னால், அவர்களின் கண் பக்கத்தில் இருக்கும் தபால்தலைக்கும் ஒரு கணம் போய் வருகிறது. ரஷ்யத்தில் தபால்தலைக்கு 'மார்க்கா' என்று பெயர். அப்படி எட்டிப் பார்க்கும் மொழி எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பது ஆளைப் பொறுத்தது. எனக்குள் தமிழ் நன்றாகவே உரக்கப் பேசுகிறது.

எண்களில் பட்ட பாடு தனிக்கதை. ஜெர்மனில் 47 என்பதை 'ஏழும் நாற்பதும்' என்று திருப்பித்தான் சொல்வார்கள். தொலைபேசி எண் எழுதும் பயிற்சியில் நான் 74 என்று எழுதிவிட்டு, அடித்து, அதற்குள் அடுத்த எண்ணை விட்டுவிடுவேன். எனக்குக் கணக்கு எல்லாம் தமிழில்தான் ஓடும், வாய்ப்பாட்டைத் தமிழ் வழியில் படித்தவள். தம்பியை இரண்டாம் வகுப்பிலேயே ஆங்கில வழிக்கு மாற்றிவிட்டார்கள், அவன் ஆங்கிலத்தில்தான் எண்ணுவான். அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதும் கூட்டல் மட்டும் ஆங்கிலத்தில் முணுமுணுப்பான். எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். துல்லியமான கணக்கை எந்த மொழியில் பயின்றார்களோ அதில்தான் விடை வேகமாக வந்தது, மற்ற மொழியில் கேட்டால் தாமதமானது. தோராய மதிப்பீட்டில் அந்தத் தாமதம் இல்லை. துல்லியமான எண் மொழியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் கேட்கும் எண்ணை வலப்பக்கம் எழுதிவிட்டு, இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விடுவேன். 'நாற்பது' வந்ததும் அந்த இடத்தை நிரப்புவேன். தம்பி அப்படிச் செய்வதில்லை. முழு எண்ணும் முடியும்வரை காதில் வைத்திருந்துவிட்டு, பிறகு மொத்தமாக எழுதுகிறான். அவனிடம் அதற்கு இடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இருவர் தாளிலும் விடை ஒன்றுதான்.

இருமொழியாளர் என்ற சொல்லே எங்களை ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. பிரான்சுவா குரோஜான் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையில், இருமொழியாளர் என்பவர் ஒரே உடலுக்குள் இருக்கும் இரண்டு ஒருமொழியாளர்கள் அல்லர் என்றார். இன்ன வேலைக்கு இன்ன மொழி, இன்ன ஆளிடம் இன்ன மொழி என்று வாழ்க்கை பிரித்துக் கொடுக்கிறது, அந்தந்த இடத்தில் அந்தந்த மொழி வளர்கிறது என்பது அவருடைய விளக்கம். எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம். தம்பிக்குக் கணினியைப் பற்றித் தமிழில் முழுசாக ஒரு வாக்கியம் பேச வராது. எனக்கு என் துக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வராது. இருவருக்கும் மொழி குறைவு என்று இதை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

இருமொழி அறிந்தால் மூளை கூர்மையாகும் என்று அடிக்கடி செய்தி பகிர்கிறார்கள். 2004இல் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் கவனத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையில் இருமொழியாளர்கள் சிறப்பாகச் செய்தார்கள் என்றார்கள். 2013இல் கென்னத் பாப்பும் ஜாக்கரி கிரீன்பெர்க்கும் அப்படி ஒரு நன்மைக்கு ஒத்திசைவான சான்று இல்லை என்றார்கள். சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. யார், எப்போது, யாரிடம், எவ்வளவு கலந்து பேசுகிறார்கள் என்று கேட்காமல் எல்லோரையும் ஒரு குழுவாக்கி அளந்தால் விடை இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடும் என்பது என் எண்ணம். டேவிட் கிரீனும் ஜூபின் அபுதாலெபியும் அதே 2013இல் இந்தக் கோணத்தில் ஒரு கருதுகோளை வைத்தார்கள். வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று என்று மொழியைப் பிரித்து வைத்திருப்பவரின் மூளை செய்யும் வேலை வேறு, ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுபவரின் மூளை செய்யும் வேலை வேறு. நான் முதல் வகை, தம்பி இரண்டாவது.

அந்த வேறுபாடு வகுப்பு முடிந்த பிறகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை மணி நேரம் ஜெர்மனில் திணறிவிட்டு அம்மாவை அழைத்தால் என் முதல் இரண்டு வாக்கியம் தமிழில் தடுமாறும். தாய்மொழி தடுமாறுகிறதே என்று முதலில் பயந்தேன். ரெனாட்டா மியூட்டரும் ஆலன் ஆல்போர்ட்டும் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததும் பயம் போனது. திரையில் தோன்றும் எண்களை, பின்னணி நிறத்தைப் பார்த்து இந்த மொழியில் அல்லது அந்த மொழியில் சொல்லச் சொன்னார்கள். பலவீனமான மொழிக்கு மாறுவதைவிட வலுவான மொழிக்குத் திரும்புவதற்கே அதிக நேரம் ஆனது. பலவீனமான மொழியைப் பேச வேண்டுமானால் வலுவானதை அமுக்கிப் பிடிக்க வேண்டும், பிடியை விடச் சற்று நேரமாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். என் தமிழ் அவ்வளவு வலுவாக இருப்பதால்தான் அவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் 'நான் கண்ணால் கற்பவள்' என்று எனக்கே ஒரு பட்டம் கட்டிக்கொண்டேன். கேட்டல் பயிற்சிகளை விட்டுவிட்டேன். ஒலிப்பதிவைப் போடுவதற்கு முன்பே எழுத்து வடிவத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். நான்கு மாதம் இப்படிப் போனது. அப்புறம் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வு வந்தது. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். வாசித்தலில் 93 எடுத்தேன். கேட்டலில் 63. பேசுவதில் 54, தேறவில்லை. தம்பி எல்லாவற்றிலும் தேறிவிட்டான், எழுதுவதில் மட்டும் சரியாக 60.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆளை வகை பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008லேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதை நான் தேர்வுக்குப் பிறகுதான் படித்தேன். ஆளுக்கு ஆள் திறனில் ஏற்றத்தாழ்வு இருப்பது உண்மை. அதற்காக வலுவான பக்கத்திலேயே நின்றுகொண்டால் பலவீனமான பக்கம் அப்படியேதான் கிடக்கும். உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு நாக்கால் 'ஈ' சொன்னால் வரும் ஜெர்மன் ஓசையை எத்தனை முறை எழுத்தில் பார்த்தாலும் வாய்க்கு வராது. கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லித்தான் வர வேண்டும்.

கேரலிடம் திரும்பிப் போனேன். 1963இல் பள்ளிக் கல்வி பற்றி எழுதிய கட்டுரையில் அவர் திறன் என்பதைக் காலத்தால் விளக்கியிருக்கிறார். ஒன்றைக் கற்று முடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறதோ அதுவே அவருடைய திறனின் அளவு. குறைந்த நேரம் தேவைப்பட்டால் திறன் அதிகம், அதிக நேரம் தேவைப்பட்டால் திறன் குறைவு. மொழித்திறன் தேர்வையே உருவாக்கியவர் 'வராது' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, 'எவ்வளவு நேரம்' என்றுதான் கேட்டார். இதைப் படித்த அன்று நான் அழுதேன். என் ஆசிரியர் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் "உங்களுக்குக் காதுக்கு இன்னும் நேரம் வேண்டும்" என்று சொல்லியிருப்பார். நானும் கொடுத்திருப்பேன்.

இப்போது கொடுக்கிறேன். தினமும் காலையில் முப்பது நிமிடம், எழுத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு நிமிட ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூன்று அசை, நான்கு அசை என்று துண்டு துண்டாகக் கூடவே சொல்கிறேன். முதல் வாரத்தில் ஒரு மூச்சில் நான்கு அசைதான் நின்றது. நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைக்கிறேன், இப்போது ஒன்பது. பேசும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்த சொற்களும் ஓடிவிடுகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. அதனால் தம்பியிடம் குரல் வழியில் மட்டும் பேசிப் பழகுகிறேன்.

பேசுதல் பகுதியை அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு அவன் அழைப்பான். நேற்று பத்துத் தொலைபேசி எண்களை வேகமாக வாசித்தான். எட்டு சரியாக எழுதினேன். ஒன்பதாவதில் 68ஐ 86 ஆக்கிவிட்டேன். பத்தாவதில் இடப்பக்கம் இடம் விடாமல், எண் முடியும்வரை காதிலேயே வைத்திருந்து பார்த்தேன், பாதி நின்றது. "மறுபடி சொல்லுடா" என்றேன். சொன்னான். மூன்றாவது தடவையில் முழுசாக வந்தது. அப்புறம் அவனுடைய முறை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத நடுப்பால் என்று ஜெர்மன் ஏன் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். காரணம் தேடாதே, சொல்லோடு சேர்த்தே எழுது என்று சொல்லி, மூன்று நிற மையில் நான் எழுதிவைத்திருந்த பட்டியலைப் படமெடுத்து அனுப்பினேன். "இதை எனக்கு வாசிச்சே காட்டிடேன் அக்கா" என்றான். முடியாது, நீயே எழுது என்றேன். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.